செல்லாத கை

அடுக்கடுக்காய் நாட்காட்டி அச்சிட்டு, ஆண்டுதோறும் இந்த நாட்டுக்கே நல்ல நாள் பார்த்துக் கொடுக்கும் அச்சக அதிபர், இன்று இந்த வாக்காளர் நாள் விழாவுக்குத் தலைமை தாங்கும் பெருந்தகை, அய்யா செய்யது அபுதாஹிர் அவர்களே. அவருக்கு வலப்பக்கம் அமைதியே உருவாய் அமர்ந்திருக்கும் எங்கள் கீழ ஊரணிப்பட்டி ஊராட்சியின் முன்னாள் தலைவர், அண்ணன் மணிகண்டராஜ் அவர்களே. எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்துவிட்டு, இவள் இன்று என்ன பேசப்போகிறாளோ என்று முதல் வரிசையில் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் என் கல்லூரிப் பேராசிரியர்களே. பெரியோர்களே, பேச்சுக்காக வந்த தோழர்களே, பேச்சு முடிந்ததும் வரப்போகும் பஜ்ஜிக்காக வந்த தோழிகளே.

அத்தனை பேருக்கும் மேலாக, அந்தி நேரத்தில் வேலை முடிந்து, வேனில் ஏறி, வீட்டுக்குப் போகாமல், முகம்கூடக் கழுவாமல் நேரே இந்தத் திடலுக்கு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே. உங்கள் அத்தனை பேருக்கும் இந்த யோகேஸ்வரியின் வணக்கம். வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஊர், விஸ்வநத்தம் தாண்டி உள்ளே போனால் வரும் கீழ ஊரணிப்பட்டி.

தலைவர் அய்யா மேசையில் ஒரு மணி வைத்திருக்கிறார். பத்து நிமிடம் ஆனதும் அடிப்பாராம். அடியுங்கள் அய்யா, தாராளமாக அடியுங்கள். மூன்றரை ஆண்டாய் நெஞ்சுக்குள் அடக்கி வைத்த பேச்சு, ஒரு மணிச் சத்தத்துக்கு நிற்குமா என்பது எனக்கே தெரியவில்லை.

எனக்குத் தந்த தலைப்பு, ‘குடியரசுத் தலைவர் தேர்தலும் வாக்கின் மதிப்பும்’. அருமையான தலைப்பு, அறிவார்ந்த தலைப்பு. அதைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், பேராசிரியர்கள் மூச்சு விடட்டும்.

குடியரசுத் தலைவரை நீங்களும் நானும் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்தவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலும் எல்லார் வாக்கும் ஒரே எடை இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் போடும் ஒரு வாக்குக்கு மதிப்பு நூற்று எழுபத்தாறு. உத்தரப் பிரதேசத்தில் அதுவே இருநூற்று எட்டு. சிக்கிமில் ஏழு. எப்படி வந்தது இந்த எண்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் எடுத்த மக்கள் தொகையை வைத்து வந்தது. எழுபத்தொன்றில் என் அம்மா பிறக்கவே இல்லை. பிறக்காத பெண்ணையும், இன்று இருக்கும் பெண்ணையும் ஒரே தராசில் நிறுத்தி, பின்னம் பிரித்து, பெருக்கி, வகுத்து, ஒரு வாக்கும் வீணாகாமல் மதிப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. மலைத்துப்போய்ச் சொல்கிறேன். ஒரு வாக்கை இவ்வளவு கவனமாகக் கையாளத் தெரிந்த நாடு இது.

தெரிந்த நாடுதானே? அப்படியானால் எங்களிடம் மட்டும் ஏன் மறந்துபோனது?

பின்வரிசையில் ஒரு சித்தப்பா, “ஏத்தா, டெல்லிக் கதை நமக்கெதுக்கு”ங்கிறார். வருகிறேன் சித்தப்பா. டெல்லியில் இருந்து சிவகாசிக்கு வண்டி ஏறிவிட்டேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு, ஜூலை மாதம். அந்த ஒரே மாதத்தில் இரண்டு தேர்தல். ஒன்று, இந்தியாவுக்குக் குடியரசுத் தலைவர் தேர்தல். இன்னொன்று, எங்கள் ஊராட்சித் தலைவர் இறந்துபோனதால் வந்த இடைத்தேர்தல். நான் பன்னிரண்டாம் வகுப்பு. இரண்டும் முடிந்த பிறகு எங்கள் ஆசிரியை வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார். “பிரசிடெண்ட் தேர்தல்ல செல்லாத ஓட்டு எத்தனை, யாராவது பேப்பர் படிச்சீங்களா?” நான் படக்கென்று எழுந்து, “நாற்பத்தொண்ணு டீச்சர்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. சரியான விடை ஐம்பத்து மூன்று. டீச்சர் கேட்டது டெல்லி பிரசிடெண்டை. எங்கள் ஊரில் பிரசிடெண்டு என்றால் பஞ்சாயத்து பிரசிடெண்டு ஒருவர்தான். வேறு பிரசிடெண்டு இருப்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரியும்; வாயில் வராது. அவர்கள் சிரித்தார்கள். நான் உட்கார்ந்து, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அந்த நாற்பத்தொன்று என்ன என்பதை இந்த மேடையில் சொல்லத்தான் வந்தேன்.

அந்த இடைத்தேர்தலில் நின்றவர் இரண்டே பேர். ஏணிச் சின்னத்தில் நம் அண்ணன் மணிகண்டராஜ். பூட்டு சாவிச் சின்னத்தில் லட்சுமிகாந்தம், பட்டாசுத் தொழிலாளி. லட்சுமிகாந்தம் என் அம்மா. கடைசி வரிசையில், கம்பத்துக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்திருக்கிறார். அம்மா, நீங்கள் மறைந்தது போதும், சேலை தெரிகிறது.

என் அம்மா ஏன் நின்றார்? பதவி ஆசையா? பட்டம் ஆசையா? எங்கள் ஊருக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வருவது காலை ஆறரை மணிக்கு. பால்வாடி திறப்பது ஒன்பதரைக்கு. இந்த மூன்று மணி நேரம் எங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது யார்? தெரு பார்த்துக்கொள்ளும், தெருவில் போகிற டிராக்டர் பார்த்துக்கொள்ளும். “வேன் வர்ற நேரத்துக்குப் பால்வாடியத் தொறக்க வைக்கேன், அதுக்கு மட்டும் எனக்கு ஓட்டுப் போடுங்க” என்று வீடு வீடாகக் கேட்டார். அது ஒன்றுதான் அவர் தேர்தல் அறிக்கை. பெண்கள் அத்தனை பேரும் அவர் பக்கம் நின்றார்கள்.

வாக்குப்பதிவு நாளும் வந்தது. வாக்குப்பதிவு என்றால் சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் சொல்லும். தீபாவளி சீசன் என்று ஆர்டர் சொல்லும். இரண்டில் எது ஜெயிக்கும் என்று இந்தத் திடலில் இருக்கும் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வேன் வழக்கம்போல் ஆறரைக்கு வந்தது, பெண்கள் வழக்கம்போல் ஏறினார்கள். அரை மணி முன்னதாக விட்டுவிடுகிறோம் என்று கம்பெனியில் சொன்னார்கள், சொன்னபடியே விட்டார்கள். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அப்போது ஒரு புத்திசாலி ஒரு யோசனை சொன்னாள். பெண்கள் வேனில் இருந்து இறங்கி, வீட்டுக்குப் போய், குழந்தையைத் தூக்கி, அடுப்பைப் பார்த்து, பிறகு வாக்குச்சாவடிக்கு வருவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். ஆகவே வேனை நேரே பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன? ஓட்டுநர் சோணைமுத்து அண்ணனிடம் போய் அந்தப் புத்திசாலி கேட்டாள். அவர், “எறக்கி விடுதேன் தாயி. பொறவு எங்கிட்டக் குறை சொல்லப்படாது” என்றார். இன்றுவரை அவரிடம் யாரும் குறை சொல்லவில்லை.

ஐந்தே காலுக்கு இரண்டு வேன் வந்து நின்றது. அறுபத்து மூன்று பெண்கள். அத்தனை பேர் கையிலும் மருந்து. வெளியூரில் இருந்து வந்த பேராசிரியர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற மருந்து. அதில் அலுமினியப் பவுடர் சேர்ந்தால் கை வெள்ளி பூசியதுபோல் ஆகிவிடும். ரேகைக்குள் இறங்கும், நகக்கண்ணில் தங்கும், சோறு பிசையும் வரை கூடவே வரும்.

முதலில் இறங்கியவர் எங்கள் தெருக் கற்பகவல்லி சித்தி. கையைப் பார்த்தார், வாக்குச்சாவடியைப் பார்த்தார். “ஏத்தா, அந்தக் கொழாயில கையக் கழுவிட்டு வந்துருதேன்” என்றார். குழாய் முப்பது அடி தள்ளி இருந்தது. அப்போது அந்தப் புத்திசாலி என்ன சொன்னாள் தெரியுமா? “நேரமில்ல சித்தி. முத்திரை குத்தத்தான போறீக, கை எப்பிடி இருந்தா என்ன? வரிசையில நில்லுங்க” என்றாள்.

அந்தப் புத்திசாலி நான்.

யாரும் கைதட்டாதீர்கள். மூன்றரை ஆண்டாய் இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதுதான் அவருக்கும் தெரியும்.

வரிசையில் நின்றார்கள். உள்ளே போனார்கள். இடது சுட்டுவிரலில் மை வைத்தார்கள். தாய்மார்களே, அந்தக் கையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அரசாங்கம் வைத்த மை அழியவே கூடாது. கம்பெனி வைத்த மை இருக்கவே கூடாது. ஒரே கை, ஒரே விரல், இரண்டு சட்டம். சீட்டை வாங்கினார்கள், முத்திரையைக் குத்தினார்கள், மடித்தார்கள், பெட்டியில் போட்டார்கள். மடிக்கும்போது கட்டைவிரல் தாளில் அழுந்தியது. அறுபத்து மூன்றில் நாற்பத்தொரு சீட்டில், அழகாக, அம்சமாக, வரிவரியாக வெள்ளி ரேகை.

எண்ணிக்கை அன்று அதிகாரி ஒவ்வொரு சீட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இது ரேகைம்மா. போட்டவங்க யாருன்னு அடையாளம் தெரியிற மாதிரி எந்தக் குறி இருந்தாலும் ஓட்டு செல்லாது, அது விதி” என்றார். அந்த விதி தவறா? தவறில்லை. யார் யாருக்குப் போட்டார் என்று தெரியக் கூடாது என்பதற்காக வந்த விதி. மிரட்டலில் இருந்து ஏழையைக் காப்பாற்ற வந்த விதி. அழுக்கு வேறு, ரேகை வேறு என்று பிரித்துப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது. வரி தெளிவாகத் தெரிந்ததால் அவர் ரேகை என்றார். என் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “சார், எங்க ஊர்ல அம்புட்டுப் பேரு கையும் இப்பிடித்தான் இருக்கும். இதுல யாரு அடையாளம் ஒங்களுக்குத் தெரியுது?”

என்ன கேள்வி அது. ஒருத்தி கையில் இருந்தால் அடையாளம். ஊரே கையில் வைத்திருந்தால் அதற்கு என்ன பெயர்? அது தொழில். அது சோறு. தேசமெங்கும் தீபாவளிக்குத் தெரிகிற வெளிச்சத்தின் மிச்சம் அது. நாடு முழுக்க வானத்தில் பார்த்துக் கைதட்டுவார்கள். நாலு அங்குலத் தாளில் பார்த்தால் செல்லாது என்பார்கள்.

நாற்பத்தொன்றும் தனிக் கட்டாகப் போனது. அதில் முப்பத்து நான்கு பூட்டு சாவிக்கு, ஏழு ஏணிக்கு. என் அம்மா ஒன்பது வாக்கில் தோற்றார். அந்தக் கட்டு செல்லுபடியாகியிருந்தால் பதினெட்டில் வென்றிருப்பார். அண்ணன் மணிகண்டராஜ் அவர்களே, நீங்கள் தலை குனிய வேண்டாம். நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. உங்கள் ஏழு பேரும் அதே கட்டில்தான் கிடந்தார்கள். பதவியில் இருந்தபோது நல்ல ஆளாகவே இருந்தீர்கள், தெருவிளக்குப் போட்டீர்கள், ஊரணியைத் தூர் வாரினீர்கள். பால்வாடி மட்டும் இன்றைக்கும் ஒன்பதரைக்குத் திறக்கிறது.

மணி அடித்துவிட்டது. கேட்டது அய்யா. தாய்மார்களே, நிறுத்தவா? “பேசு”ங்கிறார்கள் அய்யா. தலைமையைவிடப் பெரும்பான்மை பெரிது, இன்று அதற்கான விழா.

நீதிமன்றம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனோம், வக்கீல் வீட்டுப்படி வரை போனோம். அவர் சொன்னார், “அது தெரியாம பட்ட அழுக்குதான்னு காட்டணும். அந்தப் பொம்பளைங்களைக் கூப்பிட்டு, ரேகையை ஒப்பிட்டுப் பாத்துரலாம்.” என் அம்மா எழுந்துவிட்டார். “ரேகையை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சுட்டா, அப்ப அந்த அதிகாரி சொன்னது சரின்னுதான ஆவுது? எனக்குப் போட்டது யாரு, போடாதது யாருன்னு ஊருக்குத் தெரிஞ்சுதான் நான் செயிக்கணும்னா, அந்தச் செயிப்பு எனக்கு வேண்டாம்” என்றார். வாக்கின் ரகசியம், வாக்கின் ரகசியம் என்று இந்த மேடையில் எனக்கு முன் மூன்று பேர் முழங்கிவிட்டுப் போனார்கள். அதைக் காப்பாற்றுவதற்காகக் கைக்கு வந்த பதவியை விட்டுக்கொடுத்தவர் அந்தக் கம்பத்துக்குப் பின்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

தோற்றது பெரிதில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்த மேடைக்குத் தள்ளியது. கற்பகவல்லி சித்தி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். எங்கள் வாசல் வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். ஒரே வேனில் போவார்கள், ஒரே வேனில் வருவார்கள், என் அம்மாவின் முகத்தை அவர் பார்க்க மாட்டார். என்ன சித்தி என்று ஒரு நாள் மறித்துக் கேட்டேன். “என் கை ஆகாத கை தாயி. லட்சுமி அக்காவ நாங்கதான் தோக்க வச்சோம். இனி எவ ஓட்டுப் போடப் போவா?” என்றார். நாடாளுமன்றத் தேர்தலும் வந்தது. அதில் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும், இயந்திரத்துக்கு எந்தக் கையும் கைதான். அதற்கும் அவர் வரவில்லை. அவரோடு இன்னும் பதினெட்டு இருபது பேர் வரவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறது, வாக்காளரைக் காணவில்லை.

சித்தி, நீங்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஊரைக் கூட்டி வைத்துச் சொல்கிறேன். நீங்கள் கை கழுவத்தான் போனீர்கள். தடுத்தது நான். உங்கள் கை ஆகாத கை இல்லை. ஆகாதது அன்று என் வாய்.

குற்றத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? இல்லை. அடுத்த முறையாவது வாக்குச்சாவடி வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு சோப்பு வையுங்கள் என்று மனு எழுதினேன். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், நான் இன்னும் பட்டம் வாங்கவில்லை. முதல் மனுவுக்குப் பதில், ‘பரிசீலனையில் உள்ளது’. இரண்டாம் மனுவுக்குப் பதில், ‘முதல் மனுவின் எண் என்ன?’ மூன்றாம் முறை நேரில் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர், பட்டியலைப் பிரித்துப் பார்த்தார். “வாளியா? வாளி தேர்தல் சின்னம்மா. சாவடி வாசல்ல வைக்க முடியாது” என்றார். சரி, ஒரு குழாய் போடுங்கள் சார் என்றேன். “குழாயும் சின்னம்.” சோப்பு டப்பா? விரலை ஓட்டிப் பார்த்தார். “அதுவும் இருக்கும்மா.” நான் என் கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். அவரே சிரித்துவிட்டார். கையும் சின்னம்தானே, இதையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் ஓட்டுப் போட வர வேண்டுமா?

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். நானும் பேருந்தில் வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், சாத்தூர் விலக்கு வந்தபோது அழுகை வந்துவிட்டது. அய்யா, இத்தனை ஆண்டில் எங்களைக் கை கழுவாதவர்கள் யார்? ஆர்டர் எங்களைக் கை கழுவியது, அலுவலகம் கை கழுவியது, வாக்கு வாங்கிப் போனவர்கள் வரிசையாகக் கை கழுவினார்கள். எல்லாரும் கை கழுவினார்கள். நாங்கள் கை கழுவத்தான் சாவடி வாசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன் பேராசிரியர்களே. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கப் போகிறவருக்குத் தேர்தல் ஆணையமே ஒரு பேனா கொடுக்கிறது. ஊதா மை ஊற்றிய தனிப் பேனா. சொந்தப் பேனாவில் எழுதினால் செல்லாது. ஆகவே உள்ளே போகும்போதே சரியான பேனாவைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். அப்படிக் கொடுத்தும், அத்தனை படித்தும், சட்டம் இயற்றும் அந்தக் கைகளில் ஐம்பத்து மூன்று வாக்குச் செல்லவில்லை. அவர்களை யாராவது ஆகாத கை என்று சொன்னார்களா? அவர்களில் யாராவது தெருவின் எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்களா? டெல்லி பிரசிடெண்டுக்குப் போடுகிறவர்களுக்குப் பேனா தரத் தெரிகிறது. ஊர் பிரசிடெண்டுக்குப் போடுகிறவளுக்கு ஒரு துடைக்கிற துணி தரத் தெரியாதா? அவர் வாக்கின் மதிப்பு நூற்று எழுபத்தாறு. எங்கள் வாக்கின் மதிப்பு ஒன்று. ஒன்றே ஒன்று. அந்த ஒன்றையாவது ஒன்றாக விட்டுவைக்கக் கூடாதா?

அண்ணன் மணிகண்டராஜ் எழுந்து என்னவோ சொல்கிறார். “துணியும் தண்ணியும் நான் ஏற்பாடு பண்றேன்”ங்கிறார். நன்றி அண்ணே, உட்காருங்கள். மறுபடி நீங்கள் நின்றால், அது வேட்பாளர் கொடுத்த பொருள் ஆகிவிடும், உங்கள் தேர்தலும் செல்லாமல் போகும். உங்கள் நல்ல மனதும் விதிக்குள் அடங்க மாட்டேன் என்கிறது பாருங்கள்.

தலைவர் அய்யா, இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. போன மாதம் உங்கள் அச்சகத்துக்கு வந்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட், பனியன் கம்பெனியில் வெட்டிக் கழித்த துண்டுத் துணி, கிடந்தது. மை பட்ட கையோடு தாளைத் தொட வந்த ஆளை மேஸ்திரி எப்படி அதட்டினார் தெரியுமா? “ஏலே, வேஸ்ட்ல தொடச்சுட்டுத் தொடு. கல்யாண வீட்டுக்குப் போற தாளுலே.” அய்யா, கல்யாணப் பத்திரிகைக்குத் தெரிந்த மரியாதை ஓட்டுச்சீட்டுக்குத் தெரியவில்லையே. மை ஊறும் ஊரில் தாளைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்று இந்தச் சிவகாசிக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

அன்றே உங்களிடம் ஒரு கைப்பிடி வேஸ்ட் கேட்டு வாங்கிப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. வேலை முடிந்து வந்த என் அம்மாவின் கையை அதில் அழுத்தித் துடைத்து, பழைய காலண்டர் தாளில் இருபது தடவை மடிக்கச் சொன்னேன். இருபதிலும் ஒரு வரி விழவில்லை. தண்ணீர் வேண்டாம், சோப்பு வேண்டாம், வாளி வேண்டாம். பட்டியலையும் முழுக்கப் பார்த்துவிட்டேன். நல்லவேளை, பனியன் வேஸ்ட்டை இன்னும் யாருக்கும் சின்னமாக ஒதுக்கவில்லை.

ஆகவே நான்காவது மனு எழுதியிருக்கிறேன். தலைவர் அய்யாவின் மேசையில், அந்த மணிக்கு அடியில் இருப்பது அதுதான். இரண்டே வரி. பட்டாசு, அச்சு, தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர்களில் ஊராட்சித் தேர்தல் எப்போது வந்தாலும், வாக்குச்சாவடி வாசலில் கை துடைக்க ஒரு கட்டு வேஸ்ட் அரசே வைக்க வேண்டும். தொழில் செய்த கையின் கறையை ஆளின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆகாயத்தைக் கேட்கவில்லை, அரியணையைக் கேட்கவில்லை. துடைத்துப் போடுகிற துணியைக் கேட்கிறோம். இதைக் கேட்க மூன்றரை ஆண்டும், நான்கு மனுவும், ஒரு மேடையும் தேவைப்பட்டது என்பதுதான் இந்த நாட்டின் மேல் எனக்குள்ள மனத்தாங்கல்.

மனுவின் கீழே நாற்பத்தொரு கட்டம் போட்டிருக்கிறேன். மை டப்பா கொண்டுவரவில்லை. மறந்துவிடவில்லை, வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை. ரேஷன் கடையில் உங்கள் ரேகை செல்லும். வங்கியில் செல்லும். பத்திரத்தில் செல்லும். இந்த மனுவிலும் செல்லும். நேரே வேனில் இருந்து வந்திருக்கிறீர்கள், உங்கள் கையில் மருந்து இன்னும் அப்படியே இருக்கிறது. அன்று உங்களைத் தோற்கடித்த அதே வெள்ளி வரியை இங்கே அழுத்தி வையுங்கள். யாருடைய அடையாளம் இது என்று யாராவது கேட்டால், எங்கள் ஊருடையது என்று பதில் சொல்லிக்கொள்ளலாம்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், மணியை ஒரே தடவை அடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்ட தலைவர் அய்யாவுக்கும், நெற்றியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையை நனைத்துவிட்ட என் பேராசிரியர்களுக்கும் நன்றி சொல்லி, வணக்கம் சொல்லி, இந்த ஒலிவாங்கியை விட்டு நகர்கிறேன். விழா முடிவில் வாக்காளர் உறுதிமொழி எடுக்கக் கையைத் தூக்கும் முன்னால், ஒரு ஐந்து நிமிடம் இந்த மேசைக்கு வந்து போங்கள்.

சித்தி, மொதல்ல நீங்க வாங்க. ஒங்களுக்குப் பின்னால எங்கம்மா வருவாக. அந்தப் பக்கம் குழாய் இருக்கு, அங்கன போயிராதீக. கை கழுவாம வாங்க.